நலம் விசாரிக்க முடியாத நாட்கள்

எங்கள் பகுதியில் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் மஃரிபுக்குள் செய்தி மஹல்லா முழுவதும் பரவிவிடும். மறுநாள் மேல்விஷாரத்திலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் சம்பந்தி வீட்டார் ஹார்லிக்ஸ் புட்டியும் சாத்துக்குடிப் பையுமாக வந்து சேர்வர். கட்டிலைச் சுற்றி நின்று, அதே நோயால் மௌத்தானவர்களின் கதைகளை நோயாளியின் காதுபடவே பேசுவோரும் உண்டு. சிறிது நேரமே இருந்து, துஆச் செய்து எழுந்துவிட வேண்டும் என்று பெரியோர் வகுத்த ஒழுங்கை நாம் பெரும்பாலும் மறந்துவிட்டோம். ஆயினும் அந்தக் கூட்டத்தின் அடியில் இருப்பது ஒரு சுன்னத்து. நோயுற்றவரைக் காணச் செல்வது ஒரு முஸ்லிமின்மீது மற்றொரு முஸ்லிமுக்குள்ள உரிமை என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை அன்றோ!

அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம், கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர்கள் என்றும், நீங்கள் இருக்கும் ஊரில் அது பரவினால் அங்கிருந்து வெளியேறாதீர்கள் என்றும் கட்டளையிட்டார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது, ஸர்க் என்னும் இடத்தில் நோய்ச் செய்தி எட்டியது. முஹாஜிர்களும் அன்சாரிகளும் இருவேறு கருத்துக் கூறினர். திரும்பிவிடலாம் என உமர் (ரலி) முடிவு செய்ததும், அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என அபூஉபைதா (ரலி) வினவினார்கள். அவனுடைய ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக விடை கிடைத்தது. வேறு அலுவலாகச் சென்றிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) பிறகே வந்து மேற்கண்ட ஹதீஸை எடுத்துரைத்தார்கள். உமர் (ரலி) மதீனா திரும்பினார்கள். அபூஉபைதா (ரலி) தம் மக்களோடு ஷாமிலேயே தங்கி, ஹிஜ்ரி 18-இல் அம்வாஸ் கொள்ளைநோயில் வஃபாத்தானார்கள். ஒருவர் உள்ளே போகவில்லை. மற்றவர் வெளியே வரவில்லை.

பயணிகளைத் தடுத்துவைப்பதும் நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. 1882-இல் செங்கடலிலுள்ள கமரான் தீவில் தடுப்பு முகாம் தொடங்கப்பட்ட பின், பம்பாயில் கப்பலேறிய ஹாஜிகள் அங்கே இறங்கி, நாட்களைக் கழித்த பிறகே ஜித்தா சென்றனர். தமிழகத்தில் மண்டபம் முகாமும் அவ்வாறே இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்வோரைத் தடுத்துவைத்த இடம்தான்.

2020-ஆம் ஆண்டுக் கோடையில் இவ்விரண்டு சட்டங்களும் ஒரே நேரத்தில் எங்கள் வீட்டுக்குள் வந்தன. டேனரியில் முப்பதாண்டுகள் உழைத்த என் மாமனாருக்குப் பக்கவாதம் கண்டது. கொரோனா இல்லை. ஆனால் மருத்துவமனையில் உடன் ஒருவர் மட்டுமே இருக்கலாம். அவரும் மாறக்கூடாது என்றனர். மாமி உள்ளே சென்றார்கள். பதினொரு நாட்கள் வெளியே வரவில்லை.

நம் நாட்டு மருத்துவமனைகளில் பாதிப் பணிவிடையை உறவினரே செய்கின்றனர். கஞ்சி ஊட்டுவதும், புரட்டிப் படுக்கவைப்பதும், சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடுவதும் அவர்களே. பார்வையாளரை நிறுத்திய சட்டம் இந்தப் பணிகளுக்கு ஆள் வைக்கவில்லை. அறுபது வயதைக் கடந்த மாமிக்கு இரத்த அழுத்தம் வேறு. அவர்களுடைய மாத்திரையையே மூன்றாம் நாள் காவலாளியிடம் கெஞ்சித்தான் உள்ளே அனுப்பினோம். தொற்றுக்கு அஞ்சிக் கதவடைத்ததை நான் குறைகூறவில்லை. அது சுன்னத்துக்கு இசைந்ததே. கதவின் இருபுறமும் செய்தியும் மருந்தும் போய்வர ஒரு வழி வைத்திருக்கலாம் என்பதே என் ஆதங்கம். அந்த வழியை எங்கள் தெரு இளைஞர் இருவர் உண்டாக்கினர். நாள்தோறும் வாயிலில் நின்று மாமியிடம் தொலைபேசியில் தேவையைக் கேட்டு, வாங்கி, உள்ளே சேர்ப்பித்தனர். கட்டிலருகே ஒருமுறைகூடச் செல்லாத அவ்விருவரே அந்த நோயாளியை உண்மையில் விசாரித்தவர்கள் என்பேன்.

ஷார்ஜாவிலிருந்த என் மைத்துனர் ஜூன் மாதத்தில் சிறப்பு விமானமொன்றில் இடம்பிடித்துச் சென்னை வந்தார். மே 24 அன்று மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, வெளிநாட்டிலிருந்து வருவோர் ஏழு நாட்கள் தம் செலவில் முகாமிலோ விடுதியிலோ, பின்பு ஏழு நாட்கள் வீட்டிலோ தனித்திருக்க வேண்டும். தந்தை வேலூரில், மகன் சென்னையில் ஒரு விடுதி அறையில். அதே விதியில் ஒரு விலக்கும் இருந்தது. குடும்பத்தில் மரணம், கடும் நோய், கர்ப்பம் போன்ற காரணங்கள் இருந்தால், மாநில அரசு ஆராய்ந்து, பதினான்கு நாட்களையும் வீட்டிலேயே கழிக்க அனுமதிக்கலாம். ஆங்கிலத்தில் இருந்த அந்த வரியை நான் வாசித்துச் சொன்னது அவர் வந்த மூன்றாம் நாள். விண்ணப்பித்து, அனுமதி கிடைத்து, ஐந்தாம் நாள் வீடு சேர்ந்தார். அப்போதும் மருத்துவமனைக்குப் போக இயலாது. மாடி அறையில்தான் இருந்தார். ஆயினும் தந்தையை வீட்டுக்கு அழைத்து வந்தபோது ஜன்னல் வழியே பார்த்து ஸலாம் சொன்னார். வாய் கோணியிருந்த அந்தப் பெரியவர் இடக்கையை உயர்த்தினார்.

வாசலில் ஒட்டப்பட்டிருந்த தனிமைப்படுத்தல் அறிவிப்பைக் கண்டு, பால் கொடுப்பவர் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். அத்தகைய அறிவிப்புகளை முறையான ஆணையின்றி ஒட்டலாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது அவ்வாண்டு டிசம்பரில்தான். பயணியைக் குற்றவாளியாகப் பார்த்த காலம் அது. தில்லி தப்லீக் கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டவர் பலிகடா ஆக்கப்பட்டனர் எனப் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு ஆகஸ்டில் சொல்ல நேர்ந்ததையும் நினைவுகூரலாம். இத்தனை பட்ட நம் தெருவிலேயே, மைத்துனர் வீட்டுப் பக்கம் முகம் திருப்பிச் சென்றவர்கள் தொழுகையாளிகள்தாம்.

இப்போது மருத்துவமனைகளில் பழைய கூட்டம் திரும்பிவிட்டது, சாத்துக்குடியும் திரும்பிவிட்டது. எங்கள் பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையில் அக்காலத்தில் ஒரு பழக்கத்தைத் தொடங்கினோம். அரசு ஆணை எது வந்தாலும், அதிலுள்ள தடைகளோடு விலக்குகளையும் தமிழிலும் உருதுவிலும் எழுதி ஒட்டுவோம். அதை எழுதும் வேலையை மதரஸாவின் மூத்த மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்து அவ்வளவு அழகில்லை. லுஹருக்கு வருபவர்கள் நின்று படிக்கிறார்கள்.