நான்காவது சிஃபத்து

எங்கள் கடற்கரை ஊரில் ஓதப் போகும் பிள்ளைகளுக்கு அல்லாஹ்வின் சிஃபத்துகள், அதாவது பண்புகள், இருபதையும் மனப்பாடமாகச் சொல்லித்தருவார்கள். வுஜூது, கிதம், பகா என்று ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே போவோம். உள்ளவன், தொடக்கமில்லாதவன், முடிவில்லாதவன். நான்காவது கொஞ்சம் நீளம்: முகாலஃபத்துன் லில் ஹவாதிஸ். படைக்கப்பட்ட எதற்கும் அவன் ஒப்பாக மாட்டான். ஐந்தாவது, அவன் நிலைத்திருக்க வேறெதன் துணையும் வேண்டாம். ஆறாவது, அவன் ஒருவன். இப்படியே ஆற்றல், நாட்டம், அறிவு, கேள்வி, பார்வை என்று பாடம் நீளும். இந்தப் பாடத்துக்கு மூலமான ‘உம்முல் பராஹீன்’ என்ற சிறு நூலை எழுதியவர், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள திலிம்சான் நகரத்து இமாம் ஸனூஸி. 1490-இல் மறைந்தார். அவர் நூல் மலாய் நாடுகள் வரை பாடமாகப் போயிருக்கிறது.

வயது ஏற ஏற அந்த நான்காவது சிஃபத்துதான் எனக்குள் பெரிதாகிக்கொண்டு வருகிறது. கோயில் தேரும் மாதா சப்பரமும் போகும் தெருவில் வளர்ந்த பிள்ளைக்கு, இறைவன் என்றதும் மனம் ஒரு முகத்தைத் தேடும். என் மனமும் தேடியது. கேட்டேவிட்டேன். ஓதிக்கொடுத்த ஹஜ்ரத் அதட்டவில்லை. “உன் மனசுல எந்த உருவம் வந்தாலும் அது நீ உண்டாக்குனது. அல்லா உன்னை உண்டாக்குனவன்” என்றார். குர்ஆனின் ஆறாம் அத்தியாயத்தில் இப்ராஹீம் நபி நட்சத்திரத்தையும், பிறகு நிலவையும், பிறகு சூரியனையும் நோக்குகிறார். ஒவ்வொன்றும் மறைந்ததும் அதை விட்டுவிடுகிறார். மறைந்துபோகிற ஒன்று ரப்பாக இருக்க முடியாது. தவ்ஹீது என்னும் ஓரிறைக் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் கண்டதில்லை.

ஆனால் அதே குர்ஆன் இறைவனின் கையைப் பற்றிப் பேசுகிறது, முகத்தைப் பற்றிப் பேசுகிறது, அவன் அர்ஷ் என்னும் அரியணையின் மீதானதைச் சொல்கிறது. ஒப்பில்லாதவனுக்குக் கை என்றால் என்ன? எட்டாம் நூற்றாண்டு மதீனாவில் இமாம் மாலிக்கின் சபையில் ஒருவர் எழுந்து, அர்ஷின் மீதானது எப்படி என்று கேட்டார். மாலிக் தலையைக் குனிந்துகொண்டார்; அவருக்கு வேர்த்துக்கொட்டியது. பிறகே பேசினார். சொல்லப்பட்டதை நம்புவது கடமை, அதன் ‘எப்படி’ அறிவுக்கு எட்டாது, அதைத் துருவுவது மார்க்கத்தில் இல்லாத வழக்கம் என்பது அவர் பதிலின் சாரம். பின்னால் வந்தவர்களில் சிலர் அந்த வசனங்களுக்கு இறைவனின் மகத்துவத்துக்கு இசைந்த வேறு பொருள் சொன்னார்கள். சிலர் பொருளைத் தோண்டாமல் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். இரு சாராரும் காக்க நினைத்தது ஒன்றைத்தான்: அல்லாஹ்வை மனிதன் அளவுக்குக் குறுக்கிவிடக் கூடாது.

அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டிலும் இதே கேள்விக்கு மேடை போட்டு விவாதம் நடந்தது. அல்லாஹ்வுக்கு உருவம் உண்டா, இல்லையா என்று இரு தரப்பும் நூல்களை அடுக்கிவைத்துக்கொண்டு மோதின. ஜனங்கள் தம் தரப்பு வென்றதாகச் சொல்லிக்கொண்டு வீடு திரும்பினார்கள். கேள்வி தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அல்லாஹ்வைப் பற்றி வாய் திறக்கும் முன் மாலிக்குக்கு வந்த அந்த வேர்வை, பேசுகிற எவருக்கும் வர வேண்டும் என்று நினைக்கிறேன். அது இல்லாத இடத்தில் எவ்வளவு சரியான வாதமும் என் நெஞ்சில் இறங்குவதில்லை.

எதற்கும் ஒப்பாகாத ஒருவனிடம் நெருக்கம் எப்படி வரும் என்று மாற்று மத நண்பர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நெருக்கம் அந்த ஒப்பின்மையிலிருந்தே வருகிறது என்பேன். ஓர் இடத்தில் அடங்குகிறவன் எனக்குப் பக்கத்தில் இருந்தால் உங்களுக்குத் தொலைவில் இருப்பான். இடமே தேவைப்படாதவனுக்குத்தான் எல்லோருடைய பிடரி நரம்பையும்விட அருகில் இருக்க முடியும். என் பெத்தும்மாவுக்கு இந்தத் தர்க்கமெல்லாம் தெரியாது. இரவில் ஆயத்துல் குர்ஸி ஓதி, உள்ளங்கையில் ஊதி, எங்களைத் தலையிலிருந்து கால்வரை தடவிவிடுவார். கண்ணயராத ஒருவன் வானங்களையும் பூமியையும் காக்கிறான், அந்தக் காவல் அவனுக்குச் சுமையே இல்லை என்று சொல்கிற ஆயத்து அது. அதைக் கேட்டுத் தூங்கிய பிள்ளைக்கு இறைவன் தூரமானவனாகத் தெரியவே இல்லை.

குர்ஆனின் 114 அத்தியாயங்களில் 113, அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் என்ற இரு பெயர்களோடுதான் தொடங்குகின்றன. புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் ஒரு ஹதீஸ் உண்டு. கைதிகளின் கூட்டத்தில் ஒரு பெண் பால் கட்டிய மாரோடு தேடி அலைகிறாள். கண்ட பிள்ளையை எடுத்து அணைத்துப் பாலூட்டுகிறாள். இவள் தன் பிள்ளையை நெருப்பில் எறிவாளா என்று நபிகள் நாயகம் தோழர்களைக் கேட்கிறார்கள். முடிந்தவரை எறியவே மாட்டாள் என்கிறார்கள் தோழர்கள். தன் அடியார்கள் மீது அல்லாஹ்வுக்குள்ள இரக்கம் இதைவிட அதிகம் என்று பதில் வருகிறது. இன்னொரு ஹதீஸ் அந்த இரக்கத்தை, ரஹ்மத்தை, நூறு பங்காக்குகிறது. பூமிக்கு இறக்கியது ஒரே ஒரு பங்கு. குட்டியை மிதித்துவிடாமல் ஒரு பிராணி குளம்பைத் தூக்கிக்கொள்வதும் அந்த ஒரு பங்கினால்தான். தொழுவத்தில் அதைக் கண்ணால் பார்க்கும்போதெல்லாம் மீதித் தொண்ணூற்றொன்பதை நினைத்து மலைத்துப்போகிறேன்.

அழகிய திருநாமங்களில் கடுமையான பெயர்களும் மென்மையான பெயர்களுக்கு இணையாக இருக்கின்றன. முஹ்யீ, உயிர் தருபவன். முமீத், மரணிக்கச் செய்பவன். நாஃபிஉ, நன்மை தருபவன். ளார், துன்பம் தருபவன். இவற்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும், ளார் என்று தனியே பிரித்து அழைக்கலாகாது என்பது உலமாக்கள் வகுத்த அதபு. என் தங்கையின் சிறு பிள்ளை மௌத்தான வீட்டில் இதன் அவசியம் எனக்குப் புரிந்தது. அழாதே, அழுதால் ரப்பின் முடிவைப் பொருந்தாததாகிவிடும் என்று வந்தவர்கள் அவள் வாயை அடைத்தார்கள். அவர்கள் முமீதை மட்டும் அழைத்துக்கொண்டிருந்தார்கள். நபிகளாரின் மகள், தன் பிள்ளை உயிர் பிரியும் நிலையில் ஆளனுப்பியபோது, எடுத்ததும் கொடுத்ததும் அல்லாஹ்வுக்கே சொந்தம், பொறுமையாக இருக்கட்டும் என்றுதான் நபிகளார் முதலில் சொல்லியனுப்பினார்கள். மகள் மீண்டும் வற்புறுத்தி அழைக்கவே எழுந்து போனார்கள். மடியில் அந்தப் பிள்ளை மூச்சுத் திணறியபோது அவர்கள் கண்ணிலிருந்தே நீர் வழிந்தது. என்ன இது என்று தோழர் ஸஅத் இப்னு உபாதா வியந்து கேட்டார். அடியார்களின் உள்ளங்களில் அல்லாஹ் வைத்த இரக்கம் என்றார்கள். இதை நான் தங்கையிடம் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

மறுமையில் அல்லாஹ்வைப் பார்க்க முடியுமா என்பதும் பழைய வழக்குத்தான். உருவமும் திசையும் இல்லாதவனைக் கண் எப்படிப் பார்க்கும் என்று முஃதஸிலா என்ற பழைய சிந்தனைப் பள்ளியினர் மறுத்தார்கள். ஷீஆ அறிஞர்களும் மறுக்கிறார்கள். சுன்னி இறையியல் பள்ளிகளான அஷ்அரிகளும் மாத்துரீதிகளும், சொர்க்கத்தில் முஃமின்கள் பார்ப்பார்கள், ‘எப்படி’ என்பது இல்லாமல் பார்ப்பார்கள் என்று உறுதியாகச் சொல்கிறார்கள். அவர்கள் காட்டும் ஆதாரங்களில் எனக்குப் பிடித்தது மூசா நபியின் வேண்டுதல். அல்லாஹ்வின் பேச்சைக் கேட்ட பிறகு, உன்னைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டுவிட்டார். மலை தன் இடத்தில் நிலைத்திருந்தால் பார்ப்பாய் என்று பதில் வந்தது. மலை தூளானது, மூசா மயங்கி விழுந்தார். இது மறுப்பு என்று ஒரு சாரார் முடித்துக்கொண்டார்கள். நடக்கவே முடியாத ஒன்றை ஒரு நபி இறைவனிடம் கேட்டிருக்க மாட்டார் என்பது மறு சாராரின் வாதம். நான் இவர்கள் பக்கம். நான்காவது சிஃபத்தை நம்மையெல்லாம்விட நன்றாக அறிந்தவர் மூசா. அறிந்துதான் கேட்டார்.