இரத்மலானையும் தையற்பொறியும்

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் சென்றோம். தெகிவளை, கல்கிசை கடந்து இரத்மலானை வந்தது. 1877இல் இலங்கையில் கால்வைத்த சிங்கர் நிறுவனம் 1963இல் தோற்றுவித்த கைத்தொழிற் கம்பனியின் தையற்பொறித் தொழிற்சாலை அமைந்தது இவ்வூரிலேதான்.

எங்கள் அன்னையார் அத்தகைய பொறியொன்றில் பழஞ்சேலையைப் பாவாடையாக்குவார். மேல்நூலும் அடிநூலும் துணியின் நடுவே பிணைய வேண்டும்; ஒன்று மிகையாக இறுகினும் தையல் கெடும் என்று எமக்குக் கற்பித்தார்.

1983 யூலையில் வீடிழந்த தமிழர் பலர் இவ்வூர் இந்துக் கல்லூரியிலே தஞ்சம் புகுந்தனர். இரும்புப் பொறியைச் சுமந்து ஓட எவரால் இயலும்? எங்கள் பொறியும் வீட்டோடு போயிற்று. ஆயினும் யாழ்ப்பாணம் சென்றபின், அயலார் பொறியிலே தைத்து அன்னையார் எம்மைப் படிப்பித்தார்.

மாணவர்காள்! விடுமுறையில் ஒரு தலையணை உறையேனும் தைத்துப் பழகுங்கள். பொறி போகலாம், கைவந்த தொழில் உடன்வரும்.