கடைசியில் நிற்பவருக்கு முதல் தெரிவு

பயிற்சித் தாள்களையும் கட்டுரைக் குறிப்புகளையும் தேடி இவ்வலைப்பூவிற்கு வருகை தரும் ஆசிரிய நண்பர்களும் பெற்றோர்களும் இன்று சற்றுப் பொறுத்தருள வேண்டும். இன்றைய பதிவு காற்பந்தைப் பற்றியது. அதுவும் நாம் திடலில் கண்டு வளர்ந்த காற்பந்தன்று. தலைக்கவசம் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் காற்பந்து.

என் தம்பி பல ஆண்டுகளாக ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகருக்கு அருகில் வசித்து வருகிறான். ஓர் ஆண்டிறுதி விடுமுறையில் அவன் வீட்டில் ஏறக்குறைய ஒரு மாதம் தங்கியிருந்தேன். ஞாயிறு தோறும் அவனோடு அமர்ந்து கிளீவ்லாந்து பிரௌன்ஸ் குழுவின் ஆட்டங்களைப் பார்த்தேன். பார்த்த ஆட்டங்களில் பெரும்பாலானவை தோல்வியே. எனினும், அக்குழு என் மனத்தில் ஒட்டிக்கொண்டது. இன்று வரை திங்கட்கிழமை காலையில் பள்ளிக்குப் புறப்படும் முன்னர் அதன் முடிவைப் பார்க்காமல் இருந்ததில்லை.

"அக்கா, மத்த ஊர்க்காரங்களுக்குப் பிப்ரவரியில கோப்பை. நமக்கு ஏப்ரல்லதான் நம்பிக்கை" என்று தம்பி சொல்வதுண்டு. பிப்ரவரியில் நடப்பது சூப்பர் பவுல் என்னும் இறுதியாட்டம். பிரௌன்ஸ் குழு அதில் ஒருமுறைகூட ஆடியதில்லை. ஏப்ரலில் நடப்பது 'டிராஃப்ட்' என்னும் ஆட்டக்காரர் தெரிவு. அந்நாள் நெருங்கும்போது எனக்குள் எழும் எதிர்பார்ப்பைத்தான் இங்குப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இதில் நம் தொழிலுக்குரிய செய்தியும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

முதலில் இத்தெரிவு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். லீக்கில் 32 குழுக்கள் உள்ளன. பல்கலைக்கழகங்களில் ஆடி முடித்த இளைஞர்களை இக்குழுக்கள் ஏழு சுற்றுகளில் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கின்றன. யார் முதலில் தேர்ந்தெடுப்பது? முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய குழுதான். வெற்றிவாகை சூடிய குழு ஒவ்வொரு சுற்றிலும் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். ஒரு குழு தன் முறையை இன்னொரு குழுவுக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக வேறு முறைகளையோ ஆட்டக்காரர்களையோ பெற்றுக்கொள்ளலாம். வருங்கால ஆண்டுகளின் தெரிவுகளைக்கூட இவ்வாறு கைமாற்றலாம்.

இம்முறையை 1935இல் முன்மொழிந்தவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் குழுவின் உரிமையாளர் பெர்ட் பெல். அதற்கு முன்னர், திறமையான இளைஞர்கள் பணமும் புகழும் உள்ள குழுக்களையே நாடிச் சென்றனர். வலியவர் மேலும் வலியவராயினர்; எளியவர் மேலும் தேய்ந்தனர். ஒரே பக்கம் வெல்லும் ஆட்டத்தைக் காண மக்கள் வரமாட்டார்கள் என்பதால் ஏனைய உரிமையாளர்களும் இசைந்தனர். 1936இல் முதல் தெரிவு நடைபெற்றது. முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் என்பவர் அந்த லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை என்பது இத்தெரிவின் வரலாற்றில் எழுதப்பட்ட முதல் பாடம்.

இம்முறையில் குறைகளும் உண்டு. தேர்ந்தெடுக்கப்படும் இளைஞன் எந்த ஊருக்குப் போவது என்பதைத் தானே முடிவு செய்ய இயலாது. நல்ல தெரிவு கிடைக்கும் என்னும் ஆசையில் சில குழுக்கள் வெற்றியைப் பற்றிக் கவலைப்படாமல் பருவத்தைக் கழிக்கின்றன என்ற குற்றச்சாட்டும் உண்டு. ஆயினும், கடைசியில் நிற்பவனுக்கு முதலில் பரிமாறு என்னும் அதன் அடிப்படை எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அப்படியானால், அடிக்கடி கடைசியில் நிற்கும் பிரௌன்ஸ் குழு இந்நேரம் வலிமை பெற்றிருக்க வேண்டுமல்லவா? இங்குதான் கதை தொடங்குகிறது.

1995ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் அன்றைய உரிமையாளர் அணியைப் பால்டிமோர் நகருக்குக் கொண்டு சென்றுவிட்டார். அங்கு அது ரேவன்ஸ் என்னும் புதுப் பெயரோடு 1996 தெரிவின் முதல் சுற்றில் ஜொனத்தன் ஒக்டன், ரே லூயிஸ் ஆகிய இருவரைத் தேர்ந்தெடுத்தது. பின்னாளில் இருவருமே விளையாட்டுப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர். கிளீவ்லாந்து மக்களோ மூன்றாண்டுகள் குழுவே இன்றிக் காத்திருந்தனர்.

1999இல் பிரௌன்ஸ் மீண்டும் உருவாக்கப்பட்டபோது முதல் தெரிவு அதற்கே கிடைத்தது. டிம் கவுச் என்னும் இளைஞரைத் தேர்ந்தெடுத்தனர். அவர் குவார்ட்டர்பேக், அதாவது பந்தைப் பெற்று, எறிந்து, ஆட்டத்தை நடத்திச் செல்பவர். ஆனால், அவரைக் காக்க வேண்டிய முன்வரிசை அப்புதிய குழுவில் மிகவும் பலவீனமாக இருந்தது. அந்த முதல் ஆண்டிலேயே எதிரணியினர் அவரை 56 முறை பந்தோடு வீழ்த்தினர். ஐந்து பருவங்களில் அவருடைய கிளீவ்லாந்து வாழ்க்கை முடிந்துவிட்டது. பிறகு 2007, 2012, 2014 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் 22ஆவது தெரிவில் ஒரு குவார்ட்டர்பேக்கைத் தேர்ந்தெடுத்தனர். மூவருமே நிலைக்கவில்லை. 1999க்கும் 2025க்கும் இடையில் 40க்கும் மேற்பட்டோர் அப்பொறுப்பில் ஆட்டத்தைத் தொடங்கியுள்ளனர். ஒரு வகுப்புக்கு இத்தனை முறை ஆசிரியர் மாறினால் அவ்வகுப்பின் நிலை என்னவாகும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

2016இல் 16 ஆட்டங்களில் ஒரே வெற்றி. 2017இல் 16 ஆட்டங்களிலும் தோல்வி. அதன் பின்னர், 2018 ஜனவரியில், உறையவைக்கும் குளிரில் இரசிகர்கள் அரங்கத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். தோல்வியை எள்ளி நகையாடிய ஊர்வலம் அது. கைவிட்டுப் போக மனமில்லாதவர்களால் மட்டுமே அப்படிச் சிரிக்க முடியும்.

அதே 2018இல் முதல் தெரிவாக வந்தவர் பேக்கர் மேஃபீல்ட். அவர் தலைமையில் 2021 ஜனவரியில் பிரௌன்ஸ் தன் நெடுநாள் எதிரியான பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் குழுவை 48-37 என வென்றது. 26 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த முதல் வெளியேற்றுச் சுற்று வெற்றி அது. அடுத்த பருவத்தில் அவர் தோள் காயத்தோடு ஆடித் தடுமாறினார். குழு பொறுமை இழந்தது. 2022 மார்ச்சில் ஹூஸ்டன் குழுவிடமிருந்து டெஷோன் வாட்சனைப் பெற, 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளின் முதல் சுற்றுத் தெரிவுகளையும் கொடுத்துவிட்டது. 23 கோடி டாலர் ஒப்பந்தம் வேறு. அவர்மீது பெண்கள் பலர் தொடுத்திருந்த வழக்குகளால் என் போன்ற பல இரசிகர்களுக்கு அன்று தலைகுனிவே மிஞ்சியது. லீக்கும் அவருக்கு 11 ஆட்டத் தடை விதித்தது. திடலிலும் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. ஹூஸ்டனோ, நாம் கொடுத்த தெரிவுகளில் ஒன்றையும் ஈடாக வைத்து 2023இல் வில் ஆண்டர்சன் என்னும் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரரைப் பெற்றது. மேஃபீல்ட் தம்பா பே குழுவிற்குச் சென்று, 2023, 2024 ஆகிய இரு பருவங்களிலும் அதைப் பிரிவு வாகையராக்கினார். வேண்டாமென்று அனுப்பப்பட்டவர் வேறு மண்ணில் தழைத்தார்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அளவீடு வேறு, மதிப்பீடு வேறு என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். அளவீடு எண்ணைத் தரும். அந்த எண்ணை வைத்து நாம் வழங்கும் தீர்ப்பே மதிப்பீடு. இத்தெரிவுக்கு முன்னர் இளைஞர்களை இண்டியானாபொலிஸ் நகருக்கு அழைத்து எல்லாவற்றையும் அளக்கின்றனர். உயரம், எடை, கையின் நீளம், 40 கஜ ஓட்டத்தின் வேகம் என ஒன்றும் தப்பாது. 2000ஆம் ஆண்டில் டாம் பிரேடி அந்த 40 கஜத்தை 5.28 வினாடியில் ஓடினார். அது மிகவும் மெதுவான ஓட்டம். ஆறாவது சுற்றில் 199ஆவதாகத்தான் அவரை நியூ இங்கிலாந்து குழு எடுத்தது. அவருக்கு முன் ஆறு குவார்ட்டர்பேக்குகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரை 183ஆவதாக எடுத்த குழு எது தெரியுமா? நம் பிரௌன்ஸ்தான். பிரேடி பின்னர் ஏழு சூப்பர் பவுல் பட்டங்களை வென்றார்.

ஆனால், தேர்ந்தெடுத்தவர்கள் எல்லாரும் குருடர்கள் என்பது என் கருத்தன்று. ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் கடிகாரம் உண்டு. தோல்விக்கு மறுநாள் ஒருவன் எத்தனை மணிக்குப் பயிற்சிக்கு வருவான் என்பதை அளக்கும் கடிகாரம் இல்லை. மேலும், பிரேடி முதல் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் ஓரத்தில் அமர்ந்து கற்றார். கவுச்சுக்கு அந்த ஓராண்டு கிடைக்கவில்லை. தெரிவு மூன்று நாள்களில் முடிந்துவிடுகிறது; வளர்ப்புக்குப் பல ஆண்டுகள் வேண்டும். பிரௌன்ஸ் பெரிதும் தவறியது இரண்டாவதில்தான்.

எனவே, வரும் தெரிவுக்கு என் நம்பிக்கைகள் மூன்று.

முதலாவது, முன்வரிசையை முதலில் கட்ட வேண்டும். 2007இல் மூன்றாவது தெரிவாக வந்த ஜோ தாமஸ் முன்வரிசைக்காரர். தெரிவு நாளன்று விழா மேடைக்குப் போகாமல் தம் தந்தையோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடிக்கப் போனவர். அதன்பின் 10,363 ஆட்ட நகர்வுகளில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் தொடர்ந்து களத்தில் நின்றார். 2017இல் காயம்தான் அவரை நிறுத்தியது. அவர் ஆடிய 11 பருவங்களில் குழு ஒருமுறைகூட வெளியேற்றுச் சுற்றை எட்டவில்லை. இருந்தும் 2023இல் புகழ் மண்டபம் அவரை வரவேற்றது. இப்படிப்பட்ட ஒருவர் மீண்டும் வந்தால் போதும். பந்தைத் தொடாதவருக்காகத் தொலைக்காட்சி ஆரவாரம் செய்யாது. நான் செய்வேன்.

இரண்டாவது, நாளையை விற்று இன்றை வாங்கக் கூடாது. 2025இல் நல்ல அறிகுறியொன்றைக் கண்டேன். கையிலிருந்த இரண்டாவது தெரிவை ஜாக்சன்வில் குழுவிற்குக் கொடுத்து, ஐந்தாவது தெரிவையும் 2026இன் முதல் சுற்றுத் தெரிவையும் வேறு சிலவற்றையும் பெற்றுக்கொண்டனர். இரண்டாம் சுற்றில் எடுத்த கார்சன் ஷ்வெசிங்கர், பல்கலைக்கழகக் குழுவில் விளையாட்டு உதவித்தொகை இன்றித் தாமாகச் சேர்ந்து முன்னேறியவர். முதல் பருவத்திலேயே தமக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பொறுமை தொடர வேண்டும்.

மூன்றாவது, யாரை எடுத்தாலும் அவர் தவறுவதற்குக் காலம் கொடுக்க வேண்டும். பயிற்றுநரை ஆண்டுக்காண்டு மாற்றிவிட்டு இளைஞனைக் குறைகூறுவது முறையாகாது.

இவற்றை எழுதும்போது என் பள்ளி நினைவுக்கு வருகிறது. மாணவர் எண்ணிக்கை குறைந்த சிறிய தமிழ்ப்பள்ளி அது. பள்ளித் தவணை தொடங்கும்போது புதிய முதலாம் ஆண்டு மாணவர்கள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணுகிறோம். நம் உலகில் பெயர்பெற்ற பள்ளிக்கே முதல் தெரிவு. அப்பள்ளியில் இடம் கிடைக்காத பிள்ளைகளும், வேறு வழியில்லாத பிள்ளைகளும் எங்களிடம் வருகின்றனர். பெர்ட் பெல் போன்ற ஒருவர் கல்வி உலகில் எழுந்து, பின்தங்கிய பள்ளிக்கே முதலில் சிறந்த ஆசிரியரையும் நல்ல நூலகத்தையும் கொடுங்கள் என்று கேட்டால் எப்படியிருக்கும்? அவர் வரும்வரை, வந்த பிள்ளைகளை வளர்ப்பது மட்டுமே எங்கள் கையில் உள்ளது. அது சிறிய வேலையன்று. 2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வு அகற்றப்பட்ட பின்னரும், பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து 'இவன் இவ்வளவுதான்' என்று முடிவுகட்டும் பழக்கம் நம்மில் பலரை விட்டு அகலவில்லை. பெற்றோர்களே, அந்த எண்ணிக்கையில் உங்கள் பிள்ளை 199ஆவதாக இருந்தாலும் கலங்க வேண்டாம். யார் கையில் வளர்கிறான், எத்தனை காலம் பொறுமையாக வளர்க்கப்படுகிறான் என்று மட்டும் கேளுங்கள்.

தெரிவின் முதல் சுற்று அங்கு வியாழன் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும். நமக்கு அது வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. எனக்கு நான்காம் ஆண்டில் தமிழ்ப் பாடம். ஓய்வு நேரத்தில்தான் தம்பியின் குறுஞ்செய்தியைத் திறப்பேன். அதில் நான் கேள்விப்பட்டிராத ஒரு முன்வரிசைக்காரரின் பெயர் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல்.