எந்த ஜின்ஸில் சேர்ப்பது?

கொள்ளிடத்தை அடுத்த நம் தா.பழூரில் நண்டென்றால் வயல் வரப்பைத் துளைப்பது. அதற்கு மேல் அதைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. நாமும் எண்ணியதில்லை.

மதரஸாவில் ‘ஈஸாகோஜி’ ஓதிக் கொடுத்த காலத்தில் ஜின்ஸ், நவ்உ, ஃபஸ்ல் ஆகியவற்றுக்கு மனிதனையும் குதிரையையுமே உதாரணம் காட்டி வந்தோம். இரண்டும் ‘ஹயவான்’ என்னும் ஜின்ஸில் அடங்கும். பகுத்தறிவு என்னும் ஃபஸ்ல் மனிதனைப் பிரித்துக் காட்டும். ஒரு நாள் மாணவன் ஒருவன், “உஸ்தாத், தெரிந்த எந்த ஜின்ஸிலும் அடங்காத ஒன்று கிடைத்தால் என்ன செய்வது?” என்றான். “முதலில் கிதாபில் உள்ளதை ஓது” என்று அடக்கினோம். அதன்பின் அவன் கேள்வியே கேட்கவில்லை.

அக்கேள்விக்குரிய விடையைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு சிலந்தி நண்டிடம் கண்டோம். ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்னும் அரசாங்க அளவைக் கப்பல் இந்தியக் கடல்களின் அடியாழத்தில் வலையிழுத்துச் சேர்த்த உயிரினங்கள் கல்கத்தா அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்த உட்-மேசனும், கப்பலின் மருத்துவராயிருந்த ஆல்காக்கும் ஒரு நண்டைக் கண்டு திகைத்திருக்க வேண்டும். நீண்ட கால்களால் அது சிலந்தி நண்டே. ஆனால் செவுள் அறைகள் இருபுறமும் உப்பி, ஓட்டின் நடுவே வந்து கூடி, மூளையின் இரு பாதிகளைப் போல் நின்றன. 1891இல் அதற்கெனப் புதிய பேரினம் ஒன்றையே வகுத்து, மூளை போன்றது என்னும் பொருளில் ‘என்செஃபலாய்டிஸ்’ என்று பெயரிட்டனர்.

நம் கிதாபின் மொழியில், அந்த உப்பலே ஃபஸ்ல். நிறம் வெறும் அரள். சாராயத்தில் இட்ட நண்டின் நிறம் நாளடைவில் வெளுத்துவிடும், அதை நம்பி ஜின்ஸ் வகுப்பதற்கில்லை. பெயருக்குப் பின்னே வகுத்தவர் பெயரும் ஆண்டும் எழுதப்படுகின்றன; ஐயமுற்றவர் எடுத்துப் பார்க்க மூல உடலும் காப்பில் வைக்கப்படுகிறது. ஸனது இல்லாத சொல்லை ஏற்காத நமக்கு இம்முறை அந்நியமானதன்று.

நம் முன்னோர் உயிரினங்களை எழுதாமலில்லை. தமீரீ தம் ‘ஹயாத்துல் ஹயவான்’ நூலை எழுத்து வரிசையில் அமைத்தார். ஆதலால் ஸரதானாகிய நண்டும் ஸின்னவ்ராகிய பூனையும் ஸீன் எழுத்தின் கீழ் அண்டை வீட்டார்! தேட எளிது, உறவு தெரியாது.

பின்னாளில் இதே நண்டு ஓமன் நாட்டுக் கடலடிச் சரிவில் திரள்திரளாக வாழ்வதைக் கண்டனர். அவ்வாழத்து நீரில் பிராணவாயு மிகக் குறைவு. பெயரிட்டவர்கள் உருவத்தை மட்டுமே பார்த்தார்கள். அந்த உப்பல் மூச்சுக்கு உதவுவதாயிருக்கலாம் என்பது நம் எண்ணம்.

சென்ற ரமளானில் ஊருக்கு வந்த அந்த மாணவரிடம் இவ்வளவையும் சொல்லி, அன்று அடக்கியது நம் பிழை என்றோம். பிள்ளைகளுக்குத் தகப்பனாகிவிட்ட அவர் சிரித்தார். அப்படியொரு கேள்வி கேட்டதே நினைவில்லையாம்.