பேஸ் கிட்டாரில் ஒரு கருமருது

என் பேஸ் கிட்டாரின் விவரத்தாளில் எல்லா வரிகளும் எனக்குப் புரிந்தன, ஒன்றைத் தவிர. ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்குவையர் கிளாசிக் வைப் வரிசையில் வரும் அறுபதுகளின் பாணி ஜாஸ் பேஸ் அது. உடம்பு பாப்லர், கழுத்து மேப்பிள், இரண்டும் குளிர்நாட்டு மரங்கள். ஃப்ரெட்டுகள் பதித்த பலகைக்கு மட்டும் ‘இந்தியன் லாரல்’ என்று போட்டிருந்தது. அமெரிக்கப் பெயர் தாங்கி, இந்தோனேசியாவில் செய்யப்பட்டு, கோயம்புத்தூர் கடை வழியாகச் சூலூருக்கு வந்த கருவியில் இந்திய மரம் எப்படி வந்தது? வாசிக்கும் நேரமெல்லாம் என் இடது கை விரல்கள் கிடப்பது அந்தப் பலகையின் மேல்தான். அதன் ஊர் தெரியாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

வாங்கும்போது இதை நான் கவனிக்கவில்லை என்பது உண்மை. அன்றைக்குக் கண் முழுக்க விலையின் மேல் இருந்தது. அரை லட்சத்தை ஒட்டி வந்தது. பழகுவதற்கென்று வாங்கும் கருவி அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் கிடைக்கும்; அமெரிக்காவிலேயே செய்த ஃபெண்டர் பல மடங்கு. வாரம் ஒரு கச்சேரி, கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் என்று வாசிக்கிறவனுக்கு நடுவில் நிற்கும் இந்த விலைதான் பொருந்தும்.

ஜாஸ் பேஸோடு சூலூரில் குடித்தனம் நடத்துவதில் ஒரு சங்கடம் உண்டு. எங்கள் தெருவுக்குப் பின்னால் தறிக்கூடம். இந்தக் கருவியின் பிக்கப்புகள் ஒற்றைச் சுருள் வகை. சுற்றுப்புற மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்துப் பிடித்து ஆம்பில் கொட்டிவிடும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். ஜி-யில் போகும் பாட்டு என்றால் இரைச்சலும் ஏறக்குறைய சுருதி சேர்ந்தே நிற்கும். இரண்டு பிக்கப்புகளின் வால்யூமையும் முழுக்கத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடித்துவிடும். எதிரெதிராகச் சுற்றியிருப்பதன் பலன். அதனால் நான் எப்போதும் இரண்டையும் திறந்தே வைத்து வாசிக்கிறேன்.

மரத்தின் பக்கம் என்னைத் திருப்பியது பங்குனி வெயில். பலகை வெளிறிப்போய், நுண்துளைகள் திறந்து, காய்ந்து கிடந்தது. ஃப்ரெட் கம்பிகளின் முனை உள்ளங்கையில் இடறியது. உலோகம் அப்படியே இருக்க மரம் மட்டும் சுருங்கினால் இப்படித்தான் ஆகும். மீட்டும் கம்பிகளைக் கழற்றி, துணியில் லெமன் ஆயில் தொட்டுத் தேய்த்தேன். மரம் எண்ணெயைக் குடித்தது. வெளிறிய பழுப்பு அடர்ந்து, அதனடியிலிருந்து கறுப்பு வரிகள் எழுந்து வந்தன. அழகான மரம். இதைப் பல கிட்டார்காரர்கள் ஈட்டி மரத்துக்குப் பதிலாக வைத்த மலிவுச் சரக்கு என்று பேசுவார்கள். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தேடப் போனதில்தான் பாதிக் கதை கிடைத்தது.

லியோ ஃபெண்டர் 1951-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் பிரிசிஷன் பேஸைக் கொண்டு வந்தபோது அதில் தனிப் பலகையே கிடையாது. மேப்பிள் கழுத்திலேயே ஃப்ரெட்டுகளைப் பதித்தார். 1959 வாக்கில் அதன் மேல் ஈட்டிப் பலகை ஏறியது. 1960-இல் வந்த ஜாஸ் பேஸ் பிறக்கும்போதே ஈட்டியோடு பிறந்தது. முதலில் பிரேசில் நாட்டு ஈட்டி. பிரேசில் கட்டுப்பாடு விதித்த பிறகு கிட்டார் உலகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் திரும்பியது. மார்ட்டின் கிட்டார் நிறுவனம் 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. நீலகிரி, வயநாடு, குடகுப் பகுதிகளில் வளரும், நாம் தோதகத்தி என்றும் சொல்கிற அதே மரம். அடுத்த அரை நூற்றாண்டு, உலகத்தில் எத்தனையோ பேருடைய விரல்கள் நம் மலை மரத்தின் மேல் ஓடின.

பிறகு சீனத்து அறைகலன் சந்தைக்காக ஈட்டி இனங்கள் பல நாடுகளிலும் கண்மண் தெரியாமல் வெட்டப்பட்டன. சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் கீழ், 2017 ஜனவரி 2 முதல் ஈட்டி அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் மொத்தமும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஒரு கிட்டார் விற்பனைக்காக எல்லை தாண்ட வேண்டுமென்றால் அதன் பலகைக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆனது. முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கொடுத்தார்கள். ஆனால் அதற்குள் நிறுவனங்கள் மாற்று மரம் தேடிப் போய்விட்டன. ஸ்குவையருக்கு வாய்த்த மாற்றுதான் லாரல். தமிழ்நாட்டில் தோதகத்தியைக் காக்க 1994-இலேயே தனிச் சட்டம் போட்டிருந்தார்கள். ஒரு மரம் அருகிப்போவதை நம் ஊர் முன்பே உணர்ந்திருக்கிறது. ஆகவே என் கருவியில் ஈட்டி இல்லாததை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. அது அங்கே இல்லாமல் இருப்பதே நியாயம்.

சரி, லாரல் என்பது எது? தாவரவியலில் டெர்மினாலியா எலிப்டிகா. இந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு நூலகத்துக்குப் போவதற்கு முன்னால் கருவியையே தூக்கிக்கொண்டு எங்கள் ஊர் ஆசாரி ஒருவரிடம் போனேன். வயதானவர். கதவு, நிலவு, விட்டம் என்று வாழ்நாளெல்லாம் மரத்தோடு இருந்தவர். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பலகையின் ஓரத்தை நகத்தால் லேசாகச் சுரண்டினார்.

“ஈட்டி இல்ல கண்ணு. கருமருது.”

“எப்படீங்க அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?”

“துளையப் பாரு, எத்தாச்சோடு இருக்குது. ஈட்டி இன்னும் நெருக்கமா இருக்கும், அறுத்தா ஒரு வாசம் வரும். எங்கய்யன் காலத்துல வூட்டு விட்டத்துக்கெல்லாம் இதுதான். வண்டிக்கும் போடுவாங்க. ஆணி எறங்காது.”

கோவை வனக்கல்லூரி வளாகத்தில் இருக்கும் காஸ் வன அருங்காட்சியகத்துக்கு அதன் பிறகு போனேன். வனப் பாதுகாவலராக இருந்த காஸ் 1902-இல் தொடங்கியது. கொங்கு நாட்டில் இருந்துகொண்டு மரத்தைப் பற்றிக் கேள்வி கேட்கிறவன் வேறெங்கும் போகத் தேவையில்லை. அங்கிருந்த மர மாதிரிகளில் ஈட்டியையும் மருதையும் மாறி மாறிப் பார்த்தேன். ஈட்டியில் ஊதா கலந்த கருமை. மருதில் பழுப்பின் மேல் கறுப்புக் கோடுகள். இரண்டும் கனமான மரங்கள். கன மீட்டருக்கு 800 கிலோவைத் தாண்டும். ஃப்ரெட் கம்பியை இறுகப் பிடிக்கவும், கம்பி உரசித் தேயாமல் நிற்கவும் இந்தக் கடினம்தான் வேண்டும். பலகை மாறினால் நாதமே மாறிவிடும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிக்கப்பும் கம்பியும் வாசிக்கிறவனின் விரலும் செய்கிற வேலையில் நூறில் ஒரு பங்கைக்கூட அந்தக் கால் அங்குல மரம் செய்வதாக என் காதுக்குத் தெரியவில்லை.

மரத்தை நின்ற நிலையில் பார்க்க முதுமலைக்குப் போனேன். தெப்பக்காடு தாண்டி கார்குடிப் பக்கம், தேக்கும் வெக்காலியும் நிற்கும் இலையுதிர் காட்டில் கருமருது ஏராளம். அங்கே 1988 முதல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் 50 ஹெக்டேர் காட்டை எடுத்துக்கொண்டு மரங்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்துத் தொடர்ந்து வருகிறார்கள்; அந்தக் காட்டில் அதிகம் காணப்படும் மரங்களில் இதுவும் ஒன்று. அடையாளம் காண ஆள் தேவையில்லை. முதலை முதுகைப் போலக் கட்டம் கட்டமாக வெடித்த பட்டை. காட்டுத் தீயை அந்தப் பட்டை தாங்கும். கோடையில் சில மரங்கள் அடிமரத்தில் தண்ணீர் சேர்த்து வைத்திருக்கும். மலை மக்கள் அதை அறிவார்கள். டசர் பட்டுப் புழுக்களுக்கு இதன் இலை உணவு. நொய்யல் கரையில் நாம் பார்த்து வளர்ந்த நீர்மருதுக்கு இது நெருங்கிய உறவு. அது ஆற்றங்கரையை விடாது, இது மலையடிக் காட்டை விடாது.

கருமருது இந்தியாவோடு நிற்பதல்ல. பர்மா, தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் வரை பரவியிருக்கிறது. கிட்டார் நிறுவனங்கள் மரத்தின் இனத்தைச் சொல்கின்றன, வெட்டிய காட்டைச் சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஈட்டிக்கு நேர்ந்தது இதற்கும் நேராமல் இருக்க, எந்தக் காட்டிலிருந்து எவ்வளவு போகிறது என்ற கணக்கு இப்போதே வெளியில் இருக்க வேண்டும். அருகிப்போன பிறகு சட்டம் போட்டு என்ன?

ஆசாரியிடம் திரும்பவும் போயிருந்தேன். இடித்த ஓட்டு வீட்டிலிருந்து எடுத்த கருமருது விட்டம் ஒன்று அவர் பட்டறைச் சுவரோரம் கிடக்கிறது. பல தலைமுறை காய்ந்த மரம், இனி வளையாது என்கிறார். ஒரு பேஸ் பலகைக்கு இரண்டடி நீளம், இரண்டரை அங்குல அகலம், கால் அங்குலக் கனம் போதும். ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் ஜாஸ் பேஸிலிருந்து ஃப்ரெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, பலகைக்குப் படகுக்குப் பூசும் எப்பாக்ஸியைப் பூசி வாசித்தவர். ஃப்ரெட் இல்லாத பலகையில் நம் கமகங்கள் தடையில்லாமல் வழுக்கிப் போகும். இந்தக் கருவியில் கை வைக்கப் போவதில்லை; பழைய கழுத்து ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். விட்டத்தில் ஆணித் துளை இல்லாத பகுதியைப் பார்த்து ஆசாரி கோடு போட்டுவிட்டார். மில்லில் அறுக்கக் கொடுக்க வேண்டும்.