கத்தாத குட்டி

வெண்பன்றிப் பண்ணையில் வேலை பழகச் சேர்ந்த இரண்டாவது மாதம். மறுநாள் காலையில் வண்டி ஏற்ற வேண்டிய பன்றிகளுக்கு அன்று மாலைத் தீனி கிடையாது, தண்ணீர் மட்டும். நிறைந்த வயிற்றோடு ஏற்றினால் வழியில் வாந்தி எடுக்கும்; அறுக்கும்போது குடல் கிழிந்தால் இறைச்சி கெடும். தீனி நேரம் தாண்டியதும் 90 கிலோ உருப்படிகள் கம்பியைக் கடித்துக் கத்தின. எனக்குப் பொறுக்கவில்லை. வேலை பழக்கும் அண்ணனிடம் கேட்டேன்.

“ஒரு கை போடட்டுமாண்ணே?”

“அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது தம்பி. நீ ஈத்துக் கொட்டகைக்கு வா.”

அங்கே காலையில் ஈன்ற 11 குட்டிகள். பத்து, காம்புக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் சுவரோரம் முடி சிலிர்த்துப் படுத்திருந்தது. மத்தியானமே பார்த்தேன், தூங்குகிறது என்று விட்டுவிட்டேன். அண்ணன் அதன் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். பிறகு என்னை விடச் சொன்னார். வாய் சில்லென்றிருந்தது. நாக்கு விரலைச் சுற்றவே இல்லை. காது நரம்பில் ஊசி குத்தி, மனிதர்களுக்கான சர்க்கரை மீட்டரில் ஒரு சொட்டு வைத்தோம். 26.

பண்ணைக்கு வரும் கால்நடை மருத்துவரிடம் பிற்பாடு கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வளர்ந்த பன்றி பட்டினி கிடந்தால் இன்சுலின் இறங்கும், குளுக்ககான் கை ஓங்கும், முதுகுக் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கொழுப்பு அமிலமாக ஓடும். அந்தச் சக்தியில் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை செய்துகொள்ளும். ரத்தச் சர்க்கரை பெரிதாக இறங்காது. பிறந்த குட்டிக்கும் இதே ஹார்மோன்கள் உண்டு. ஆனால் அவை கட்டளையிட்டாலும் கரைக்கக் கொழுப்பு வேண்டுமே! அதன் உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு 1 அல்லது 2 பங்குதான். குளிரில் சூடு தரும் பழுப்புக் கொழுப்பு பன்றி இனத்துக்கே கிடையாது. கல்லீரலிலும் தசையிலும் இருக்கும் கிளைக்கோஜன்தான் கையிருப்பு. சீம்பால் கிடைக்காவிட்டால், அதுவும் நடுங்கி நடுங்கியே ஒரு நாளுக்குள் தீர்ந்துபோகும். சுற்றுச்சூடு 34 டிகிரிக்குக் கீழே போனாலே நடுக்கம் தொடங்கிவிடும் என்றார். நம் மார்கழி இரவை நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் பால் குடித்த குட்டியின் உடம்பில் கொழுப்பு ஏறியிருக்கும். அதே பட்டினியை அது எவ்வளவோ தாங்கும்.

அன்று மீட்டரைப் பார்த்ததும் நான் பாலைக் கறக்க ஓடினேன். அண்ணன் தடுத்தார். “சில்லிட்ட வயித்துல பால் நிக்காது. மொதல்ல சூடு.” சாக்கு விரித்த பெட்டியில், குண்டு பல்புக்கு அடியில் வைத்துத் துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தேன். வாயில் சூடு வந்த பிறகு, தாயிடம் டம்ளரில் பீய்ச்சிய சீம்பாலை ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, நாக்கோரம் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதல் வாய் கடைவாயில் வழிந்தது. மூன்றாவது வாயில் தொண்டை அசைந்தது. மணிக்கொரு முறை 10 மில்லி.

விடியற்காலை நான்கு மணிக்கு மீட்டர் 61 காட்டியது. பால் அதிகம் சுரக்கும் முன்காம்பைப் பிடித்திருந்த பெரிய குட்டிகள் நான்கை ஒரு மணி நேரத்துக்குப் பெட்டிக்கு மாற்றிவிட்டு, இதை அங்கே சேர்த்தோம். பெட்டிக்குள் போனவை கொட்டகை அதிரக் கத்தின. நான் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னதின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.