உறிஞ்சுற குழாயும் தள்ளுற குழாயும்

படிச்சது மெக்கானிக்கல், பொழப்புக்குத் தட்டுறது பொட்டி. "நீ இஞ்சினியருக்குத்தானே படிச்ச?"ன்னு ஊர்ல யாராவது கேட்டா உள்ளுக்குள்ள கொஞ்சம் குத்தும். அந்தக் குத்தல்லதான் அப்பாவோட அம்பாசிடர்ல கை வச்சேன்.

வண்டி 1989 மாடல். பழைய 1489 சிசி இஞ்சினுக்கு ரெண்டு தடவை போர் பண்ணியாச்சு, மூணாவது தடவைக்கு அதுல உசுரில்ல. அப்பா, "வித்துடலாம்டா"ன்னார். நான் விடல. காண்டஸாவுல வந்த 1817 சிசி இசுசூ இஞ்சினைத் தூக்கி இதுல வச்சிடலாம், 1990கள்ல கம்பெனியே அம்பாசிடருக்கு அந்த இஞ்சினைப் போட்டு வித்திருக்குன்னு அரைமணி நேரம் லெக்சர் கொடுத்தேன். "சரி, உன்னை நம்பி விடறேன்"ன்னு ஒரே வரில முடிச்சிட்டார். அந்த வரி ரொம்ப கனமா இருந்துச்சு.

இஞ்சின், கியர் பாக்ஸ், மவுண்டிங் எல்லாம் மெக்கானிக் அண்ணன் பார்த்துக்கிட்டார். மிச்சம் இருந்தது ரெண்டே ரெண்டு ரப்பர் குழாய். எங்க வண்டியோட பழைய பித்தளை ரேடியேட்டரையே வச்சுக்கிட்டதால, பழைய ஹோஸும் சேரல, காண்டஸா ஹோஸும் சேரல. "இதை நானே பார்த்துக்கறேண்ணே"ன்னு சொன்னேன். விதி!

மேல் ஹோஸை ஒழுங்காத்தான் பண்ணினேன். இஞ்சின்ல சூடான தண்ணி தெர்மோஸ்டாட் வழியா இதுலதான் ரேடியேட்டருக்குப் போகும். வெல்டிங் கம்பியை ரெண்டு வாய்க்கும் நடுவுல வளைச்சு, ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் இடம் விட்டு, அந்தக் கம்பியைப் புதுப்பேட்டைக்கு எடுத்துட்டுப் போய், அதே வளைவுல அச்சுல வார்த்த ஹோஸைத் தேடிப் பிடிச்சேன். இஞ்சின் தன் மவுண்டிங் மேல ஆடும், அதனால விறைப்பா இல்லாம கொஞ்சம் தளர்வு விட்டேன். கிளாம்பை குழாய் விளிம்புல இருக்கிற மேட்டுக்கு உள்பக்கமா வச்சு இறுக்கினேன். மேட்டு மேலயே இறுக்கினா நாளடைவுல நழுவிடும்.

கீழ் ஹோஸுக்கு வரும்போது பொறுமை போயிடுச்சு. அந்த வளைவுக்குப் புதுப்பேட்டைல உடனே எதுவும் மாட்டல. நேர் ஹோஸ் ஒரு அடி வாங்கி, வளைச்சு மாட்டிட்டேன். நடுவுல லேசா ஒரு மடிப்பு விழுந்துச்சு. "தண்ணி போனா சரி"ன்னு விட்டுட்டேன்.

வீட்டு வாசல்ல அரைமணி நேரம் ஓட விட்டேன், முள் அசையல. ஆபீஸ்ல நாங்க "என் மெஷின்ல ஓடுதே"ன்னு சொல்லுவோமே, அதேதான்.

அப்பாவை ஏத்திக்கிட்டு திண்டிவனம் பக்கத்துல இருக்கிற ஊருக்குக் கிளம்பினேன். செங்கல்பட்டு தாண்டி 80ஐத் தொட்டதும் முள் ஏற ஆரம்பிச்சுது. ஓரம் கட்டி பானட்டைத் திறந்தா ஒழுகல் இல்ல, மேல் ஹோஸ் கிண்ணுன்னு இருக்கு. கொஞ்ச நேரம் ஐடில்ல விட்டா முள் தானா இறங்குது. மறுபடி 80, மறுபடி ஏறுது. மதுராந்தகம் ஏரி வரைக்கும் இதே கதை. அப்பா ஒண்ணும் பேசல. திட்டியிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு.

மூணாவது தடவை நிறுத்தினப்போ, துண்டைச் சுருட்டி ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போயிட்டார். "அப்பா, கையை எடுங்க!"ன்னு கத்திட்டேன். அவர்கிட்ட நான் குரல் உயர்த்தினது அதுதான் முதல் தடவை. சூட்டுல மூடியைத் திறந்தா கொதிதண்ணி மூஞ்சிலயே அடிக்கும். அவர் கையை எடுத்துட்டார், மூஞ்சி சுருங்கிப் போச்சு. எனக்குக் கை நடுங்குச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு அவரே, "நீ போய் ஆக்சிலேட்டரை மிதி, நான் பார்க்கறேன்"ன்னார். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஃபேனுக்குத் தள்ளி நின்னு குனிஞ்சு பார்த்தார். நான் மிதிச்சேன்.

"டேய், அடில இருக்கிற குழாய் சப்பிப் போவுதுடா! காலை எடு... இப்ப உப்பிடுச்சு பாரு."

அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நம்ம மோட்டார்ல உறிஞ்சுற பக்கம் என்ன குழாய் போடுவோம், தள்ளுற பக்கம் என்ன குழாய் போடுவோம்?"

கிணத்துல இறங்குற சக்‌ஷன் ஹோஸ் உள்ள சுருள் வச்சு விறைப்பா இருக்கும். வாய்க்காலுக்குப் போற டெலிவரி ஹோஸ் துணி மாதிரி மடங்கும். இதை மாத்திப் போட்டா என்ன ஆகும்னு எங்க ஊர்ல பத்து வயசுப் பையனுக்குத் தெரியும். கீழ் ஹோஸ் வாட்டர் பம்ப் உறிஞ்சுற பக்கம். ஆர்.பி.எம். ஏற ஏற இழுவை கூடும், மடிப்பு விழுந்த இடத்துல குழாய் ஒட்டிக்கும், தண்ணி நிக்கும். ஐடில்ல விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். நாலு வருஷம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிச்ச எனக்கு இது தோணல.

40லயே உருட்டி ஊர் போய்ச் சேர்ந்தோம். நிதானமா பார்த்ததுல இன்னும் ரெண்டு கோளாறு. மூடியோட ரப்பர் செத்துப் போயிருந்துச்சு. நல்ல மூடி உள்ள அழுத்தத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். 7 பிஎஸ்ஐ பிடிச்சாலே தண்ணி 100க்கு பதிலா 111 டிகிரி வாக்குலதான் கொதிக்கும், அந்த அழுத்தமே கீழ் ஹோஸ் சப்பாம இருக்கவும் உதவும். ரேடியேட்டர் குழல்களும் பாதி அடைச்சிருந்துச்சு, அதனால இழுவை இன்னும் அதிகம்.

ரேடியேட்டரைப் பிரிச்சு அடைப்பெடுத்தோம், புது மூடி போட்டோம். வளைச்ச கம்பியோட பஸ் ஏறி புதுப்பேட்டைக்குப் போய், நாலு மணி நேரம் அலைஞ்சு, ஒரு நீள வார்ப்பு ஹோஸை வாங்கி வேண்டிய வளைவை மட்டும் வெட்டிக்கிட்டேன். கண்டக்டர் அந்தக் கம்பியைப் பார்த்த பார்வை இருக்கே... விடுங்க.

திரும்பி வரும்போது 80ல ஒரு மணி நேரம். முள் அசையல. அப்பா தூங்கிட்டார். வண்டில அவர் தூங்கி நான் பார்த்ததே இல்ல.

இப்பல்லாம் யார் வந்தாலும் "இஞ்சின் மாத்தினது என் பையன்"னு சொல்றார். குழாய் கதையை மட்டும் சொல்றதே இல்ல. அதான் நானே எழுதிட்டேன்.

டிஸ்கி: இஞ்சின் மாத்தறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ.ல அனுமதி வாங்குங்க, ஆர்.சி.ல புது இஞ்சின் நம்பரை ஏத்துங்க. ஹோஸை விட அதுக்குத்தான் அலைச்சல் ஜாஸ்தி!